மூச்சில் தொடங்கி பைப்பில் முடியுங்கள்: வீட்டிலேயே எலெக்ட்ரானிக் குழல் செய்ய முழு வழிகாட்டி

ஊதினால் தானாகச் சத்தம் வராத குழல் இது. ஊதும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். எந்தெந்தத் தகட்டில் விரல் இருக்கிறது என்பதை ஒரு சிப் பார்த்துச் சொல்லும். இரண்டையும் சேர்த்து ஒரு மைக்ரோகன்ட்ரோலர் மிடி (இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) செய்தியாக்கி ஃபோனுக்கோ லேப்டாப்புக்கோ அனுப்பும். நாதம் அங்கேதான் பிறக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இதுவரை மூன்று குழல் செய்திருக்கிறேன். கூட உட்கார்ந்து தங்களுக்கென்று செய்துகொண்டவர்கள் ஐந்தாறு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்த முதல் வேலை, பைப்பை அறுத்து ஓட்டை போட்டதுதான். கண்ணுக்குக் குழல் மாதிரி ஏதாவது தெரிய வேண்டுமே! அப்புறம் சென்சார் உள்ளே நுழையாது, ட்யூப் மடங்கும், இரண்டாவது பைப் வாங்க ஓடுவார்கள். முதலில் காற்று, பிறகு விரல், பிறகு நிரல், ஒலி. பைப் கடைசி. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

மூளைக்கு ராஸ்பெர்ரி பை பிகோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. கணினியோடு நேரடியாக யுஎஸ்பி மிடி பேசும் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டில் அது நேரடியாக முடியாது. ஏற்கெனவே யூனோ வைத்திருப்பவர்கள் இங்கேதான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூச்சுக்கு எம்பிஎக்ஸ்5010டிபி என்ற அழுத்த சென்சார். 0 முதல் 10 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரை அளக்கும். இந்தப் பட்டியலில் விலை கூடிய பொருள் இதுதான். மிச்சம் பிடிக்கலாம் என்று 40 கிலோபாஸ்கல் சென்சாரும் ஹெச்எக்ஸ்710பி சிப்பும் சேர்ந்த மலிவு போர்டை ஒருவர் வாங்கி வந்தார். அந்த சிப் வினாடிக்கு 10 அல்லது 40 முறைதான் அளவு தரும். வேகமாக விட்டுவிட்டு ஊதினால் பாதி ஊதல் அதற்குத் தெரியவே தெரியாது.

விரலுக்கு எம்பிஆர்121 தொடு போர்டு. 12 தொடுபுள்ளிகள் உண்டு, நமக்கு ஒன்பது போதும். இவற்றோடு மூன்று 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், ப்ரெட்போர்டு, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். இந்த எலெக்ட்ரானிக் பொருட்களுக்கு ஆன்லைன் அல்லது சென்னை ரிச்சி தெரு.

மீதியெல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். மீன் தொட்டிக் கடையில் காற்று ட்யூப் இரண்டு மீட்டர், டி வடிவ இணைப்பு ஒன்று, காற்றைக் கூட்டிக் குறைக்கும் சின்ன பிளாஸ்டிக் வால்வு ஒன்று. ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குல பிவிசி பைப், பித்தளை வாஷர், ஸ்க்ரூ, நட்டு. பைப்பை வாங்கி ஓரமாகச் சாத்தி வையுங்கள். இப்போதைக்குத் தொடாதீர்கள்.

2. காற்று வழி

வாயில் வைக்கும் துண்டிலிருந்து ட்யூப் ஒன்று டி இணைப்புக்கு வரட்டும். டி-யின் நேர்க்கை வால்வுக்குப் போகும், வால்வின் மறுமுனை வெளிக்காற்றில் திறந்திருக்கும். பக்கக்கை சென்சாருக்கு.

வால்வு எதற்கு? நேராக சென்சாருக்குள் ஊதினால் காற்று போக இடமில்லை. கன்னம் உப்பும், காது அடைக்கும், பத்து வினாடியில் வெறுத்துப்போகும். கொஞ்சம் காற்று கசிந்துகொண்டே இருந்தால்தான் மூச்சு ஓடுகிறது என்ற உணர்வு வரும். நாயனக்காரருக்குக் கொஞ்சம் இறுக்கமாக வேண்டும், புல்லாங்குழல்காரருக்குத் தாராளமாக. வால்வைத் திருகி அவரவருக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் எச்சில். இந்த சென்சார் உலர்ந்த காற்றுக்காகச் செய்யப்பட்டது. ஈரம் உள்ளே போனால் அளவு நகர ஆரம்பிக்கும், கடைசியில் செத்துவிடும். அதனால் பக்கக்கை டி-யிலிருந்து மேல்நோக்கிக் கிளம்ப வேண்டும், 15 செ.மீ.க்குக் குறையாமல் நீளம் இருக்க வேண்டும். அதன் முனை சென்சாரில் அடைபட்டிருப்பதால் உள்ளிருக்கும் காற்று ஓடாது, அழுத்தத்தை மட்டும் கடத்தும். எச்சில் நேர்க்கையில் இறங்கி வால்வு வழியாக வெளியே போய்விடும். டி-யைத் தலைகீழாக வைத்து சென்சாரைக் கொன்றவன் நானே, முதல் குழலில்.

3. சென்சாரை பிகோவோடு இணைப்பது

சென்சாருக்கு 5 வோல்ட் வேண்டும். பிகோவின் 40-வது பின்னிலிருந்து எடுங்கள். சென்சார் வெளியே தரும் மின்னழுத்தம் 0.2-ல் தொடங்கி 4.7 வோல்ட் வரை போகும். பிகோவின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நேரடியாக இணைத்தால் மெதுவாக ஊதும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். யாராவது ஒருவர் பலமாக ஊதும் அன்றைக்கு அந்த பின் கெட்டுப்போய்விடும்.

ஆகவே சென்சார் வெளியீட்டிலிருந்து ஒரு 22 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு மற்ற இரண்டு 22 கிலோ ஓம் வரிசையாக. நடுச் சந்திப்பில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும், 4.7 வோல்ட் 3.13 ஆகிவிடும். அந்தச் சந்திப்பை 31-வது பின்னுக்குக் கொடுத்து, அங்கேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். அளவில் வரும் நடுக்கம் குறையும். ரெசிஸ்டரை ஒரு கிலோ ஓம் என்று சிறிதாக்காதீர்கள். இந்த சென்சாரால் 0.1 மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் கொடுக்க முடியும்.

சென்சாரில் இரண்டு மூக்கு இருக்கும். எது அழுத்தப் பக்கம் என்று படம் பார்த்துக் குழம்ப வேண்டாம். ட்யூபை ஒன்றில் மாட்டி லேசாக ஊதுங்கள். அளவு ஏறினால் அதுதான். ஏறாவிட்டால் மற்றதில் மாட்டுங்கள்.

பிகோவின் அனலாக் பின்னில் இயல்பாகவே கொஞ்சம் நடுக்கம் உண்டு. 16 முறை படித்து சராசரி எடுங்கள். இன்னொரு சின்ன வேலை: நிரலின் தொடக்கத்தில் 23-ம் எண் ஜிபிஐஓ-வை (போர்டுக்குள்ளேயே இருக்கும் இணைப்பு, 23-வது பின் அல்ல) உயர்நிலையில் வைத்தால் போர்டின் பவர் சர்க்யூட் சீரான முறைக்கு மாறி நடுக்கம் இன்னும் குறையும்.

4. தண்ணீர் ட்யூபில் அளந்து பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் விடுவதில்லை.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி ட்யூப் இருக்கிறதே, அதில் ஒன்றரை மீட்டர் எடுத்து யு வடிவில் சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். பாதி அளவு தண்ணீர். தெரிவதற்கு ஒரு சொட்டு நீலம். பக்கத்தில் ஒரு ஸ்கேல். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 செ.மீ. என்றால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல்.

இப்போது காற்று வழியில் இன்னொரு டி போட்டு ஒரே ஊதல் தண்ணீருக்கும் சென்சாருக்கும் போகும்படி செய்யுங்கள். பிகோ 12 பிட்டில் (0 முதல் 4095 வரையிலான எண்ணாக) படித்தால் ஊதாதபோது 165-க்குப் பக்கத்தில் ஒரு எண் வரும். ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் சுமார் 370 கூடும். 10 செ.மீ.யில் 535, 20 செ.மீ.யில் 900 பக்கம். இதற்கு அருகில் வந்தால் ரெசிஸ்டர், சென்சார், ட்யூப் எல்லாம் சரி. எண் பாதிதான் ஏறுகிறது என்றால் ரெசிஸ்டர் மாறிப் போயிருக்கும். ஊதி நாக்கால் அடைத்து வால்வையும் மூடிய பிறகு தண்ணீர் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது.

தம்பி மகள் முதல் முறை ஊதியது இங்கேதான். பலூன் ஊதுவது போல நெஞ்சைப் பிடித்து ஒரு ஊது. நீலத் தண்ணீர் மறுமுனையில் பீய்ச்சிச் சுவர்க் காலண்டரில் அந்த மாதம் முழுக்க நனைந்துவிட்டது. “பெரியப்பா, இவ்வளவு வேண்டாமா?” என்றாள். வேண்டாம். அடுத்த கால் மணி நேரம் தண்ணீரை 10 செ.மீ.யில் நிறுத்திவைத்துப் பழகினாள். குழலை வாசிக்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான், குழல் இன்னும் பிறக்கவே இல்லை.

உங்கள் சாதாரண ஊதல், மெல்லிய ஊதல், மூச்சு முட்டாமல் ஊதக்கூடிய பெரிய ஊதல், மூன்றையும் செ.மீ.யில் குறித்துக்கொள்ளுங்கள். நிரலில் போடப்போகும் எண்கள் இவைதான்.

5. தொடுதகடுகள்

எம்பிஆர்121-க்கு 3.3 வோல்ட் மட்டுமே. பிகோவின் 36-வது பின். பழக்கதோஷத்தில் 5 வோல்ட் கொடுத்தால் போர்டு காலி. அதன் தகவல் இணைப்புகள் இரண்டில் எஸ்டிஏ-வை ஜிபி4-க்கும் எஸ்சிஎல்-ஐ ஜிபி5-க்கும் கொடுங்கள்.

இப்போதைக்கு ஒரு அட்டையில் ஒன்பது வாஷரை ஒட்டி, வயர் சால்டர் செய்து சோதியுங்கள். செப்புப் பட்டை வேண்டாம். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் சுலபம்தான், ஆனால் நம் ஊர் கடல் காற்றிலும் விரல் வியர்வையிலும் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பிடித்துவிடுகிறது. பித்தளையும் கறுக்கும், ஆனால் குத்துவிளக்கு தேய்க்கிற வீட்டில் அதற்கு வழி சொல்லத் தேவையில்லை.

மின்சாரம் கிடைத்தவுடனே இந்தச் சிப் அப்போதிருக்கும் நிலையைத் “தொடாத நிலை” என்று எடுத்துக்கொள்ளும். விரலை வைத்துக்கொண்டே யுஎஸ்பி செருகினால் எல்லாம் குளறும். மூச்சுக்கும் இதே கதை. யுஎஸ்பியின் 5 வோல்ட் ஃபோனுக்கு ஃபோன் கொஞ்சம் மாறும், அதோடு சென்சாரின் பூஜ்ய எண்ணும் நகரும். அதனால் நிரல் முதல் அரை வினாடியில் பூஜ்யத்தைத் தானே அளந்துகொள்ள வேண்டும். கீழே வை, செருகு, ஒரு வினாடி பொறு, அப்புறம் எடு.

ஒரு முறை இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். தொடாத தகடெல்லாம் தொட்டதாக வந்துகொண்டிருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. எர்த் இல்லாத சார்ஜரிலிருந்து வரும் இரைச்சல் நம் உடம்பு வழியாகத் தகட்டுக்குப் போகிறது. சோதனையை பேட்டரியில் செய்யுங்கள். வலது கட்டைவிரல் தாங்கும் இடத்தில் ஒரு வெறும் தகடு வைத்து அதை கிரவுண்டோடு இணைத்தால் பேட்டரியிலும் தொடுகை இன்னும் திடமாக வரும்.

6. விரல் அட்டவணை

இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று, ஆக ஆறு தகடு. ஆறையும் மூடினால் ச. கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் ரி, க, ம, ப, த. எல்லாம் திறந்தால் நி. ச-விலிருந்து அரை ஸ்வர எண்ணிக்கையில் 0, 2, 4, 5, 7, 9, 11. சங்கராபரணம் தயார்.

ஏழாவது தகடு வலது சுண்டுவிரலுக்கு. தொட்டால் எந்த ஸ்வரமும் அரை இறங்கும். ரி2 ரி1 ஆகும், ப ம2 ஆகும். பன்னிரண்டு இடமும் கைக்குள் வந்துவிட்டது. மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை வாசிக்க ரி-க்கும் த-வுக்கும் சுண்டுவிரல் போட்டால் போதும். மீதி இரண்டு தகடு இடது கட்டைவிரலுக்கு: ஒன்று மேல் ஸ்தாயி, ஒன்று கீழ் ஸ்தாயி.

நி-யிலிருந்து மேல் ச-வுக்குப் போகும்போது ஆறு விரலும் கட்டைவிரலும் ஒரே சமயத்தில் விழ வேண்டும், அது யாருக்கும் விழாது. அதற்கு ஒரு குறுக்குவழி: இடது நடுவிரல் மட்டும் மூடியிருந்தால் மேல் ச என்று வைத்துவிடுங்கள். நிஜக் குழல் இல்லையே, அட்டவணை நம்முடையது.

மற்றபடி 64 சேர்க்கைகளுக்கும் பட்டியல் எழுத வேண்டியதில்லை. மேலிருந்து தொடர்ச்சியாக எத்தனை மூடியிருக்கிறது என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். கீழே ஒரு விரல் தவறிப் பட்டாலும் ஸ்வரம் மாறாது.

ச எந்த மிடி எண் என்பதை நிரலின் தலையில் ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு கட்டை என்றால் 60, ஐந்து கட்டை என்றால் 67. பாட்டுக்காரர் சுருதி மாற்றினால் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

7. நிரல் எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும்

ஆர்டுயினோ ஐடிஇ-யில் (நிரல் எழுதி போர்டில் ஏற்றும் மென்பொருள்) பிகோவுக்கான போர்டு தொகுப்பை நிறுவி, யுஎஸ்பி ஸ்டேக் என்ற இடத்தில் அடாஃப்ரூட் டைனியுஎஸ்பி-யைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் நிரல் ஏறும், மிடி கருவி மட்டும் கண்ணில் படாது.

ஒவ்வொரு சுற்றிலும் முதலில் மூச்சைப் படி, பிறகு விரலைப் படி, பிறகு முடிவெடு, கடைசியில் அனுப்பு. விரல் மாறியவுடனே அனுப்பிவிடுவதுதான் எல்லோரும் எழுதும் முதல் நிரல். அதில் ஊதாமலே ஸ்வரம் வரும்.

தொடங்கும் எல்லையும் நிறுத்தும் எல்லையும் வேறு வேறாக இருக்கட்டும். பூஜ்யத்துக்கு மேல் 60 ஏறினால் தொடங்கு, 40-க்குக் கீழே இறங்கினால் நிறுத்து. ஒரே எண்ணை வைத்தால் மூச்சு அந்தக் கோட்டில் நடுங்கும்போது ஸ்வரம் தடதடவென்று விட்டுவிட்டு ஒலிக்கும்.

தொடங்கும்போது முதலில் ஒலியளவைச் சொல்லும் செய்தி, அதன் பிறகுதான் ஸ்வரம். மாற்றி அனுப்பினால் முந்தைய ஊதலின் சத்தத்தில் ஒரு ‘டப்’ கேட்கும். ஊதிக்கொண்டே விரல் மாறினால் புது ஸ்வரத்தைத் தொடங்கிவிட்டுப் பழையதை நிறுத்துங்கள். அப்போதுதான் இழை அறாது.

விரல்கள் ஒன்றாக விழுவதாக நமக்குத் தோன்றும், சிப் அப்படிப் பார்ப்பதில்லை. ப-விலிருந்து ச-வுக்கு இறங்கினால் நடுவில் ம, க, ரி எல்லாம் ஒரு நொடித் துணுக்கு எட்டிப் பார்க்கும். புது விரல் நிலை 15 மில்லிவினாடி மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 30-க்குப் போனால் துரித காலத்தில் குழல் பின்தங்கும். 5-ல் குப்பை கேட்கும். இந்த எண்ணை ஒவ்வொருவர் கைக்கும் தனியாகத் திருத்த வேண்டியிருந்தது.

அழுத்தத்தை 0 முதல் 127 வரை ஆக்கும்போது மேல் எல்லையை உங்கள் பெரிய ஊதலில் வையுங்கள், சென்சாரின் எல்லையில் அல்ல. எனக்கு 30 செ.மீ., அதாவது பூஜ்யத்துக்கு மேல் 1,100. நேர்கோடாக வைத்தால் 10 செ.மீ. ஊதலுக்கு 40 போலத்தான் வரும், குழல் முனகும். அந்த இடத்தில் 75, 80 வரும்படி கோட்டை மேலே வளைத்துவிடுங்கள். மதிப்பு மாறினால் மட்டும் அனுப்புங்கள்.

8. ஒலி

ஆண்ட்ராய்டு 6.0-க்குப் பிறகு வந்த ஃபோன்கள் பொதுவாக ஓடிஜி கேபிள் வழியாக யுஎஸ்பி மிடியை ஏற்கும். மிடி வாங்கும் ஏதாவது ஒரு சிந்தசைசர் செயலி போதும். லேப்டாப்பில் ஃப்ளூயிட்சிந்த் இலவசம்.

ஸ்வரம் வருகிறது, பலமாக ஊதினாலும் மெல்ல ஊதினாலும் ஒரே சத்தம் என்பதுதான் இங்கே கேட்கும் புலம்பல். மிடியில் மூச்சுக்கென்றே 2-ம் எண் கட்டுப்பாடு உண்டு, ஆனால் பல ஒலிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. 11-ம் எண்ணை அனுப்புங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். ஸ்வரத்தின் அடி வேகத்தை (வெலாசிட்டி) 100 என்று நிலையாக வைத்துவிடுங்கள். ப்ளூடூத் இயர்ஃபோனில் கேட்டுவிட்டு நிரல் மெதுவாக இருக்கிறது என்று திருத்த உட்காராதீர்கள். அது காற்றில் போகும் தாமதம். வயர் போடுங்கள்.

9. இப்போது பைப்

பைப்பை 40 செ.மீ. அறுத்து, விரல் நுனியில் கொஞ்சம் விபூதி தொட்டுக்கொண்டு குழல் பிடிப்பது போல இயல்பாகப் பிடியுங்கள். விழுந்த வெள்ளைப் பொட்டுகள்தான் துளைகளுக்கான இடம். ஸ்கேல் வைத்து சம தூரத்தில் போட்டவரின் சுண்டுவிரல் அரை மணி நேரத்தில் இழுத்துக்கொண்டது.

முதலில் துளை, பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பது. முழு பைப் ட்ரில்லைத் தாங்கும், பிளந்த பாதி வளைந்து வழுக்கும். பிளக்காமல் உள்ளே ஒன்பது வயரை நட்டு வைத்து முடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

வெளியே வாஷர், ஸ்க்ரூ, உள்ளே நட்டில் வயர். எம்பிஆர்121-ஐ நடுவில் வையுங்கள், எந்த வயரும் 10 செ.மீ. தாண்டாது. வயர் நீண்டால் அதுவே தொடுதகடாகி, பைப்பைப் பிடித்த உள்ளங்கையை விரலாக எண்ணும். சென்சார் வாய்ப்பக்கம் உயரமாக, வால்வு கீழ்முனையில். இரண்டு பாதியையும் கேபிள் டை போட்டு மூடுங்கள். பசை வேண்டாம், கண்டிப்பாகத் திறக்க வேண்டி வரும். மூடிய பிறகு தொடு எல்லைகளை ஒரு முறை திரும்பச் சோதியுங்கள், அட்டையில் இருந்த எண் பைப்புக்குள் அப்படியே இருக்காது.

வாசித்து முடித்ததும் வால்வை முழுக்கத் திறந்து ஒரு முறை ஊதிவிட்டு, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி ஆணியில் மாட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ட்யூப் காயவே காயாது. அந்த இரண்டு மாதமும் டி-யைக் கழற்றி உதறுவது என் வழக்கம்.

10. கமகம்

ஸ்வரங்கள் சுத்தமாக வந்த பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். தொட்டது, தொடாதது என்ற இரண்டே நிலையில் கமகம் கிடையாது. எம்பிஆர்121 ஒவ்வொரு தகட்டுக்கும் 10 பிட் எண் ஒன்றும் தரும். விரல் அதிகம் மூட மூட அது குறையும். கடைசியாக மூடியிருக்கும் தகட்டின் எண்ணை மட்டும் எடுத்து, முழுக்க மூடினால் 0, முழுக்க எடுத்தால் 1 என்று ஆக்கி, அந்த விகிதத்தில் பிட்ச் பெண்டை (ஸ்வரத்தை மேலும் கீழும் இழுக்கும் மிடி செய்தி) அடுத்த ஸ்வரம் நோக்கி நகர்த்துங்கள். வழக்கமான பெண்ட் எல்லை மேலும் கீழும் ஒரு முழு ஸ்வரம், நடு எண் 8192. ரி-யிலிருந்து க3-க்குப் போக முழு பெண்டும் வேண்டும், க3-யிலிருந்து ம1-க்குப் பாதி.

சறுக்கல் முடிந்து புது ஸ்வரம் தொடங்கும் அதே கணத்தில் பெண்டை 8192-க்குத் திருப்ப மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த ஸ்வரம் ஒரு படி மேலே போய் நிற்கும்.

ஸ்க்ரூ தலை அளவுத் தகட்டில் இந்தச் சறுக்கல் சரியாக வராது, விரல் நகர இடமே இல்லை. 12 மி.மீ. வாஷரில் ஓரளவு வந்தது. தம்பி மகள் குழலில் வலது கை மூன்று விரலுக்கு மட்டும் பழைய பித்தளைத் தட்டின் விளிம்பை வெட்டி, குழல் நீளவாக்கில் 2 செ.மீ. நீளத் தகடாகப் போட்டோம். ஆனந்தபைரவியின் க அதில்தான் முதல் முறையாக அசைந்தது.